மலை ஏறும் முன்: தொடர் சிகிச்சையில் உள்ள குழந்தைகளுடன் விடுமுறைப் பயணம்

கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவில் ஒரே கேள்வி வெவ்வேறு குரல்களில் கேட்கப்படுகிறது. சென்ற ஆண்டு அதைக் கேட்டவர், முதல் வகை நீரிழிவுள்ள ஒன்பது வயதுச் சிறுமியின் தாய். உறவினர் குடும்பங்கள் மூன்று சேர்ந்து ஏற்காட்டை அடுத்த மஞ்சக்குட்டையில் ஒரு விடுதியில் இரண்டு இரவு தங்கத் திட்டமிட்டிருந்தன. "எல்லாரும் போறோம்ங்க சிஸ்டர். இவள கூட்டிட்டுப் போலாமா, இல்ல அம்மாயி வீட்டுல விட்டுட்டுப் போயிரட்டுமா?" என்றார். சிறுமி அருகிலேயே அமர்ந்து எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே வாரம் மஞ்சக்குட்டையிலிருந்தே இன்னொரு தாய் வந்தார். காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர். அவருடைய பன்னிரண்டு வயது மகனுக்கு வலிப்பு நோய். பள்ளியில் சமவெளியிலுள்ள நீர் விளையாட்டுப் பூங்கா ஒன்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார்கள். மருத்துவரின் கடிதம் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். 'அழைத்துச் செல்ல வேண்டாம்' என்ற கடிதம் தாய்க்கு வேண்டும். 'அழைத்துச் செல்லலாம்' என்ற கடிதம் பையனுக்கு வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால், இரண்டு பயணத்தையும் தவிர்ப்பதே நல்லது என்று நான் தயங்காமல் சொல்லியிருப்பேன். அது பாதுகாப்பான விடை என்று அப்போது நினைத்திருந்தேன். உண்மையில் அது என் வேலையை எளிதாக்கிய விடை, அவ்வளவே. வீட்டிலேயே விடப்பட்ட குழந்தை தன் நோயைப் பற்றி என்ன கற்றுக்கொள்கிறது என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. இவ்விதழில் அந்த இரு பயணங்களையும் பாடமாக வைத்து, திட்டமிடும் முறையை விளக்குகிறேன். குடும்பங்களை அடையாளம் காண இயலாதவாறு சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எந்தக் குழந்தைக்கு மலை ஏறும் முன் அனுமதி தேவை

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. மலையுச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. நலமான குழந்தை இதை உணர்வதே இல்லை; ஓடி விளையாடும். நீரிழிவு, வலிப்பு, கட்டுப்பாட்டிலுள்ள ஆஸ்துமா ஆகியவற்றுக்கும் இவ்வுயரம் தடையன்று.

ஆனால் சில குழந்தைகளுக்கு இந்த ஆறில் ஒரு பங்கு பெரிய வேறுபாடு. உதடும் நகமும் நீலம் பாரிக்கும் பிறவி இதயக் குறைபாடு உள்ளவர்கள், நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்தவர்கள், வீட்டில் ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள், சிக்கிள் செல் இரத்தசோகை உள்ளவர்கள் ஆகியோர் தங்கள் சிறப்பு மருத்துவரின் தெளிவான அனுமதியின்றி மலை ஏறக் கூடாது. சிக்கிள் செல் குழந்தைக்கு உயரத்தோடு குளிரும், போதிய நீர் பருகாமையும் சேர்ந்தால் கடும் வலி தொடங்கிவிடக்கூடும். இவர்களுக்குச் சமவெளியிலேயே விடுமுறையை அமைத்துக்கொள்ளலாம். ஏற்காடு மலையடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. மான் பார்க்க மலை ஏறியாக வேண்டும் என்பதில்லை.

அனுமதி கேட்கப் புறப்படும் நாளுக்கு முந்திய மாலை வராதீர்கள். மூன்று வாரங்களுக்கு முன் வாருங்கள். மருந்தளவை மாற்ற வேண்டியிருந்தால், மாற்றிய அளவு ஒத்துக்கொள்கிறதா என்பதை வீட்டில் இருக்கும்போதே பார்த்துவிடலாம்.

இருபது வளைவுகள்

சேலத்திலிருந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் இருபது. பெரியவர்களுக்கே தலை சுற்றும். குழந்தை வாந்தி எடுப்பது சாதாரணம். ஆனால் தொடர் மருந்து எடுக்கும் குழந்தையின் வாந்தி சாதாரணமானதன்று. ஏனென்றால், இன்சுலினை உடலுக்குள் செலுத்தியாகிவிட்டது. உணவோ வெளியே வந்துவிட்டது. செலுத்திய இன்சுலினைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஐந்தாவது வளைவில் வாந்தி, பதினைந்தாவது வளைவில் சர்க்கரை வீழ்ச்சி என்ற நிலை இப்படித்தான் வருகிறது.

ஆகவே அந்தச் சிறுமிக்கு நாங்கள் அமைத்துக் கொடுத்த ஒழுங்கு இதுதான். காலை உணவும் ஊசியும் வீட்டிலேயே. எண்ணெய் மிகாத எளிய உணவு, இட்லி போதும். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே மலைச்சாலையில் ஏறத் தொடங்க வேண்டும். அதற்குள் உணவின் பெரும்பகுதி செரித்திருக்கும். அடிவாரத்தில் ஒருமுறை சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். வண்டியில் முன்புறம் தலையைச் சாய்த்து அமர்ந்து, தொலைவிலுள்ள மலைமுகட்டைப் பார்த்துவர வேண்டும்; கைப்பேசியில் படம் பார்க்கக் கூடாது. வாந்தி தடுக்கும் மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அவற்றில் சில தூக்கம் வரவழைப்பவை. குழந்தை அயர்ந்து உறங்குகிறதா, சர்க்கரை குறைந்து மயங்குகிறதா என்று பின்னிருக்கையில் யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

வலிப்பு மருந்தை விழுங்கிய சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது, மறுபடி கொடுக்க வேண்டுமா என்பதும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி. மருந்துக்கு மருந்து விடை மாறும்.

குளிரில் நடுங்குகிறாளா, சர்க்கரை குறைந்து நடுங்குகிறாளா

மலைமேல் நீரிழிவுக் குழந்தையின் பெற்றோர் ஏமாந்துபோகும் இடம் இது. சர்க்கரை குறையும்போது கை நடுங்கும், உடல் சில்லிடும், முகம் வெளுக்கும், காரணமின்றி எரிச்சல் வரும். மஞ்சக்குட்டையின் மாலைக் குளிரிலும் இவை எல்லாம் வரும். ஸ்வெட்டரை மாட்டிவிட்டுப் போர்வைக்குள் உறங்க வைத்துவிடுவோம். நடுக்கம் தெரிந்தால் முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்ப்பது, பிறகு ஸ்வெட்டர். இந்த வரிசை மாறக் கூடாது.

குளிர்ந்த விரலில் இரத்தம் எளிதில் வராது. இரு கைகளையும் தேய்த்துச் சூடாக்கியோ வெந்நீரில் கழுவியோ பிறகு குத்துங்கள். கழுவுவது இன்னொரு காரணத்துக்காகவும் கட்டாயம். ஆரஞ்சுச் சுளையோ பலாச்சுளையோ உரித்த விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே கருவியில் பொய்யாக உயர்ந்த எண்ணைக் காட்டும். அதை நம்பிக் கூடுதல் இன்சுலின் போட்டுவிட்டால் விளைவு விபரீதம்.

அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைக்குப் பொதுவாக 10 முதல் 15 கிராம், அதாவது இரண்டு அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துத் தரலாம். உங்கள் குழந்தையின் எடைக்கு உரிய அளவை மருத்துவரிடம் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குழந்தை நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள்.

நடையின் விளைவு நடக்கும்போது மட்டும் தெரிவதில்லை. கிளியூர் அருவிக்குப் படியிறங்கி மறுபடி ஏறி வந்த குழந்தையின் தசைகள், செலவழித்த சர்க்கரையை இரவு முழுவதும் இரத்தத்திலிருந்து ஈர்த்துக்கொண்டே இருக்கும். பகலில் நன்றாக இருந்த குழந்தைக்கு நள்ளிரவில் அளவு இறங்குவது இதனால்தான். அதிகம் நடந்த நாளில் உறங்கும் முன்பும், இரவு இரண்டு மூன்று மணிக்கும் பார்ப்பது அவசியம். அன்றிரவு நீண்டநேரம் வேலை செய்யும் இன்சுலினைக் குறைக்க வேண்டுமா என்பதையும் புறப்படும் முன்பே கேட்டு வையுங்கள்.

உணவைப் பற்றி ஒன்று. விடுதிகளில் 'பத்து நிமிடம்' என்பார்கள்; ஒரு மணி நேரம் ஆகும். தட்டு மேசைக்கு வந்த பிறகே ஊசி போடுங்கள். ஏரிக்கரையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி விற்பார்கள். குழந்தை கேட்கும். இரண்டு தின்பதால் ஒன்றும் ஆகிவிடாது. எண்ணெய்ப் பண்டம் சர்க்கரையைத் தாமதமாக உயர்த்தும் என்பதை நினைவில் வைத்து, சில மணி நேரம் கழித்து ஒருமுறை அளவு பார்த்துக்கொண்டால் போதும். மற்றப் பிள்ளைகள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வைப்பதற்காகவா அவளை அழைத்துப் போகிறோம்?

இன்சுலினை எதில் வைப்பது என்று பலரும் கவலைப்படுகிறார்கள். பயன்பாட்டிலுள்ள இன்சுலின் அறை வெப்பத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் கெடாது. மலைமேல் அதற்காகக் குளிர்பெட்டி தேடி அலைய வேண்டியதில்லை. சமவெளிச் சாலையில் நிறுத்திய காருக்குள்தான் ஆபத்து. ஈரத்துணி சுற்றிய பையிலோ, சிறு மண்பானைக்குள்ளோ வைத்து எடுத்துச் செல்லலாம். பனிக்கட்டியின்மேல் நேராக வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது, எறிந்துவிடுங்கள்.

சாலை அடைபட்டால்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையில் ஏற்காடு மலைச்சாலையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது. அத்தகைய நாளில் இரண்டு நாளுக்கான மருந்தை மட்டும் எண்ணி எடுத்துப் போனவர் என்ன செய்வார்? ஆகவே தங்கும் நாள்களைப்போல் இருமடங்கு மருந்து எடுத்துச் செல்லுங்கள். அதை இரண்டு பைகளாகப் பிரித்து, ஒன்றைத் தாயும் மற்றொன்றைத் தந்தையோ சித்தப்பாவோ வைத்திருக்கட்டும். ஒரு பை தொலைந்தாலும் மற்றது இருக்கும். மழைக்காலமாயின், எச்சரிக்கை அறிவிக்கப்பட்ட நாளில் பயணத்தைத் தள்ளிவைப்பதே அறிவுடைமை.

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை உள்ளது. கூடுதல் சிகிச்சை தேவைப்பட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்க வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரம். கோடை விழா நாள்களில் நெரிசலால் அதற்கு மேலும் ஆகலாம். மஞ்சக்குட்டை ஏரிப்பகுதியிலிருந்து தள்ளியிருக்கும் ஊர். விடுதியில் சேர்ந்தவுடன் இரண்டு செய்திகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அவ்விடத்தை எந்த அடையாளம் சொல்லிப் புரியவைப்பது? கைப்பேசிக்கு அலைவரிசை எந்த மூலையில் கிடைக்கும்? பதற்றத்தில் இவற்றைக் கண்டுபிடிக்க இயலாது.

நோயின் பெயர், மருந்துகள், அளவு, ஒவ்வாமை, அவசர நிலையில் செய்ய வேண்டியது, எங்கள் பிரிவின் தொலைபேசி எண் ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தருகிறோம்; கேட்டு வாங்குங்கள்.

பையனின் கடிதம்

இனி மலையிலிருந்து இறங்கிய பையன். அவனுக்குப் பதினான்கு மாதமாக வலிப்பு வரவில்லை. மருந்தை ஒழுங்காக எடுக்கிறான். மருத்துவர் கடிதம் தர இசைந்தார். ஆனால் 'அழைத்துச் செல்லலாம்' என்ற ஒற்றை வரியாக அது இருக்கவில்லை.

முதல் நிபந்தனை தூக்கம். நம் ஊர்ப் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து எப்போதும் விடியற்காலை மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ புறப்படும். முந்திய இரவு பிள்ளைகள் ஆர்வத்தில் உறங்குவதே இல்லை. தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் காரணங்களில் முதன்மையானது. ஆகவே இரவு எட்டு மணிக்கே படுக்க வைக்க வேண்டும்; பேருந்திலும் உறங்கவிட வேண்டும். காலை மருந்து வழக்கமான நேரத்திலேயே, ஆசிரியர் கண்முன்.

இரண்டாவது தண்ணீர். வலிப்புள்ள குழந்தைக்குப் பேரிராட்டினத்தைவிடத் தண்ணீரே ஆபத்து. நீருக்குள் வலிப்பு வந்தால் கூச்சல் எழாது. அருகிலிருப்பவர் விளையாட்டென்றே எண்ணுவார். எனவே கைநீட்டினால் தொடும் தொலைவில், அவனை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு பெரியவர் நிற்க வேண்டும். நாற்பது பிள்ளைகளைப் பொதுவாகப் பார்க்கும் ஆசிரியர் போதாது. ஆழமற்ற குளமும் நீர்ச்சறுக்குகளில் சிறியவையும் சரி. நெரிசலான அலைக்குளம் வேண்டாம். தூரத்திலிருந்தே தெரியும் நிறத்தில் சட்டை. மிதவைச்சட்டை நல்லதுதான், ஆனால் அது அருகில் நிற்கும் ஆளுக்கு ஈடாகாது.

மூன்றாவது வெயில். மலையில் வளர்ந்த பிள்ளைக்குச் சமவெளிக் கோடை புதிது. வலிப்பு மருந்துகளில் டோப்பிராமேட் போன்ற சில, வியர்வையைக் குறைத்து உடல் சூடேறச் செய்யும். அவற்றை எடுக்கும் குழந்தை உச்சிவெயிலில் நிழலில் இருக்க வேண்டும். அடிக்கடி நீர் பருக வேண்டும்.

மின்னும் விளக்குகளைக் கண்டு எல்லோரும் அஞ்சுகிறார்கள். அவை வலிப்புள்ளோரில் வெகு சிலரையே பாதிக்கும். உங்கள் குழந்தை அவர்களில் ஒருவரா என்பதை மருத்துவர் மூளை மின்வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார்.

வலிப்பு வந்துவிட்டால்: நேரத்தைக் குறியுங்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றி நிற்பவர்களை விலக்குங்கள். கையில் சாவியோ இரும்போ திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் கரண்டி செருகினால் பல் உடையும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் மூக்கில் தெளிக்கும் மிடசோலம் மருந்தைக் கொடுத்து 108-ஐ அழைக்க வேண்டும். அம்மருந்தை எப்படித் தெளிப்பது என்பதை அந்த ஆசிரியர் எங்கள் பிரிவுக்கே வந்து கற்றுச் சென்றார். பாராட்டுக்குரியவர்.

2025 மே மாதம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் இராட்டினம் பழுதாகி, முப்பது பேருக்கு மேல் உயரத்தில் பல மணி நேரம் சிக்கிக்கொண்டனர். பிறகு அனைவரும் மீட்கப்பட்டனர். அந்த இருக்கையில் நீரிழிவுக் குழந்தை இருந்திருந்தால் என்று எண்ணிப் பாருங்கள். பூங்காக்களில் பைகளைப் பெட்டகத்தில் பூட்டச் சொல்வார்கள். சர்க்கரைப் பொட்டலமும் அவசர மருந்தும் பெட்டகத்துக்குப் போகக் கூடாது. இடுப்பில் கட்டும் சிறு பையில் குழந்தையுடனோ, உடன் ஏறுபவரிடமோ இருக்க வேண்டும். நுழைவாயிலில் மறுத்தால் மருத்துவர் கடிதத்தைக் காட்டுங்கள்.

மற்றச் சில குழந்தைகள்

ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரையும் ஸ்பேசரையும் சட்டைப் பையில் வைத்திருக்கட்டும். பனியைவிட, விடுதிகளில் இரவில் மூட்டும் விறகுத் தீயின் புகையே இவர்களுக்கு அதிகத் தொல்லை. காற்று வீசும் திசைக்கு எதிர்ப்புறம் தள்ளி அமருங்கள், அல்லது அறைக்குள் இருந்துவிடுங்கள்.

ஹீமோபிலியா உள்ள சிறுவனுக்கு மோதும் கார் விளையாட்டு கூடாது. ஃபேக்டர் மருந்தைப் பயண நாளுக்கு ஏற்ப எப்போது போட்டுக்கொள்வது என்பதைச் சிகிச்சை மையத்தில் கேளுங்கள். ரயில்வேயின் நோயாளிக் கட்டணச் சலுகை சிகிச்சைக்காகச் செல்லும் பயணத்துக்கு மட்டுமே உரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விடுமுறைக்கு அதைக் கேட்டு வருத்தப்பட வேண்டாம்.

சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்கு 'வசதி இருக்கிறது' என்ற பதில் போதாது. எத்தனை படி, கழிவறைக் கதவு எத்தனை அங்குலம் என்று விடுதிக்காரரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். இரைச்சலும் வரிசையும் தாங்காத ஆட்டிசக் குழந்தைக்குப் போகும் இடத்தின் படங்களை முன்னரே பலமுறை காட்டுங்கள்; வார நாளில், காலையிலேயே செல்லுங்கள். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2010-இல் திறக்கப்பட்ட மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட் என்ற பூங்கா, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையே மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சலும் இராட்டினமும் அங்கே உண்டு. நம் பூங்காக்களிலும் இவற்றைக் கேட்கத் தொடங்குவோம்.

அந்தச் சிறுமி மஞ்சக்குட்டைக்குப் போய்வந்தாள். முதல் நாள் வழியில் வாந்தி வரவில்லை. அருவிக்கு நடந்துவிட்டு வந்த இரவு, கடிகாரத்தில் எழுப்புமணி வைத்து இரண்டரை மணிக்குத் தாய் பார்த்தபோது 64 இருந்தது. சர்க்கரை நீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்துப் பார்க்க 97. பிறகு இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டு உறங்கினாள். காலையில் மற்றப் பிள்ளைகளோடு ஏரியில் படகேறினாள். இவை அனைத்தும் அவர்கள் கொண்டுவந்த குறிப்பேட்டில் இருந்தன. கடைசி நாளின் எண்களை எழுதியிருந்தது சிறுமியின் கையெழுத்து. இவ்வாண்டு அவளுடைய பள்ளிச் சுற்றுலாவுக்கான கடிதத்தை அவளே கேட்டு வாங்கிச் சென்றாள்.

பையன் பூங்காவிலிருந்து தோள் கறுத்துத் திரும்பினான், வலிப்பு வரவில்லை. அவன் தாய் அன்று முழுவதும் தோட்டத்தில் அலைவரிசை கிடைக்கும் மேட்டிலேயே நின்று வேலை பார்த்ததாகச் சொன்னார். அடுத்த முறை ஆசிரியர் மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை அழைத்துப் பேச வேண்டும் என்பதைக் கடிதத்தின் கீழே சேர்த்திருக்கிறோம்.